யாழ்ப்பாணத்தில் பாதுகாவலுரிமை: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து மக்களின் பழைய வாழ்க்கை முறையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் கோயில்களையும் சாசனங்களையும் அரசர் வரிசையையுமே நாடுவர். அவை வேண்டற்பாலனவே. ஆயின், ஒரு வீட்டின் தலைவன் இறந்த மறுநாள் அவ்வீட்டுச் சிறுவர்க்கு என்ன நேர்ந்தது, அவர்தம் காணியை யார் பார்த்தனர், அவர்க்குச் சோறிட்டவர் யாவர், சோறிட்டவரே காணியையும் விழுங்கிவிடாது தடுத்தது யாது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலர். அவ்வினாக்களையே யாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம்.

இப்பொருளில் எம் மனம் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற விடுமுறைக் காலத்தில், அயல்வீட்டு அக்கா ஒருவருக்குத் துணையாக மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்று அங்குள்ள வாங்கிலே அரைநாள் காத்திருக்க நேர்ந்தது. அவர் வந்த காரியம் தம் தந்தையாரைப் பற்றியது. அதனைப் பின்னர்க் கூறுவாம். அன்று அங்கு வந்திருந்தோருள் பாட்டிமார் சிலரும் இருந்தனர். பேரப்பிள்ளைகளின் பொருட்டு வந்தவர்கள். ஒருவர் கையில் பழைய காணி உறுதி. மற்றொருவர் கையில் இரண்டு மரணச் சான்றிதழ்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இவ்வூர்ப் பாட்டிமார் இதே காரியத்துக்காக எங்கேனும் சென்று காத்திருந்திருப்பர் அன்றோ என்னும் எண்ணம் அப்பொழுதுதான் எமக்கு எழுந்தது.

எங்கே காத்திருந்தனர் என்பதற்கு ஓரளவு விடை தருவது தேசவழமை என்னும் நூல். ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி கொர்னேலிஸ் யோன் சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இவ்வூர் வழக்கங்களைத் தொகுத்து ஒல்லாந்த மொழியில் எழுதி 1707ஆம் ஆண்டு தை மாதத்தில் முடித்தார். அவர் அலுவலக மேசையில் இருந்துகொண்டு ஊரை ஊகித்தவரல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர். அவர் எழுதியது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, வழக்கம் இதுவே என ஒப்புக்கொண்டனர். பின்னர் வந்த ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் இதற்குச் சட்டவலு அளித்தனர். திருத்தங்கள் பல பெற்று இன்றும் அது நிலவுகின்றது.

சீதனம், முதுசொம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்தைப் பற்றிய சட்டமாகவே தேசவழமையைப் பலரும் அறிவர். காணிப் பிணக்கு வந்தாலன்றி அதன் பெயரையே எடாதவரும் உளர். ஆயின் அதன் முதற் பகுதியைப் பொறுமையோடு வாசிப்பவர்க்கு, அது பெரும்பாலும் சாவைப் பற்றியும் சாவுக்குப் பின் எஞ்சிய சிறுவரைப் பற்றியும் பேசுவது புலனாகும்.

தந்தை முன்னர் இறப்பின் சொத்து முழுவதும் தாயின் கையிலேயே நிற்கும். அவள் பிள்ளைகளை வைத்து வளர்த்தல் வேண்டும் என்பது நிபந்தனை. பெண்மக்கள் மணம் முடிக்கும்பொழுது அவர்க்குச் சீதனம் கொடுத்தல் அவள் கடன். ஆண்மக்கள் தாய் உயிரோடிருக்கும்வரை எதனையும் கேட்டல் இயலாது. அக்காலத்து உலகில் கைம்பெண் ஒருத்தியின் கையில் வீட்டையும் வயலையும் பிள்ளையையும் ஒருங்கே விட்டுவைத்த சட்டங்கள் எத்தனை? எம் முன்னோரைப் புகழ்வதற்காக இதனைக் கூறினோமல்லேம். அதே மரபிலேதான், கணவன் உயிரோடிருக்கும்பொழுது மனைவி தன் சொந்தக் காணியை அவனுடைய எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கலாகாது என்னும் விதியும், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் எழுதப்பட்டது. கணவன் இறந்த பின்னரே அவள் அறிவுடையவள் ஆகின்றாள் போலும்!

இனித் தாய் முன்னர் இறந்தால் யாது நிகழும்? தந்தை மறுமணம் செய்யாதிருக்கும்வரை யாவும் அவன் கையில். மறுமணம் செய்ய விரும்பினானாயின் கதை மாறும். பிள்ளைகளை இறந்தவளின் தாய், அஃதாவது பிள்ளைகளின் அம்மம்மா, பொறுப்பேற்பது வழக்கம். அவர் இல்லையாயின் கிட்டிய உறவினர் ஏற்பர். அப்பொழுது தந்தை வெறுங்கையோடு பிள்ளைகளை அனுப்புதல் இயலாது. இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அவளோடு வாழ்ந்த காலத்துத் தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளுடன் கூடவே ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளை எங்கே போகின்றதோ அங்கே அதன் சொத்தும் போகும். புது மனைவி வீட்டு வாசலில் கால்வைக்கும் முன்னரே பழைய மனைவியின் பிள்ளைகளுக்குரியது பிரிக்கப்பட்டுவிடும் என்பதே இதன் பொருள். சிற்றன்னையின் கொடுமையைப் பற்றிய கதைகள் எம் ஊரில் எத்தனையோ உள. அக்கதைகளை அறிந்தவரே இவ்விதியையும் வகுத்தனர் எனக் கொள்ளலாம்.

தாயும் தந்தையும் இருவருமே இறந்தால்? இருபக்கத்து உறவினரும் ஒன்றுகூடுவர். பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என ஆராய்ந்து ஒருவரைத் தெரிவர். தெரியப்பட்டவரிடம் பிள்ளைகளும் சொத்தும் கையளிக்கப்படும். இக்கூட்டத்தைச் சற்றே மனக்கண்ணாற் பாருங்கள். செத்தவீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. திண்ணையில் பெரியோர், உள்ளே பெண்கள். நடுவே, தம்மைப்பற்றித்தான் பேசுகின்றார்கள் என்பதையும் முழுதாக அறியாத சிறுவர். தாய்வழியார் ஒரு பெயரைச் சொல்லத் தந்தைவழியார் மறுப்பர். முடிவில் எல்லோரும் அறிய ஒருவர் ஏற்றுக்கொள்வார். எழுத்தும் முத்திரையும் இல்லாக் குறையை அங்கிருந்த கண்களே நிறைவு செய்தன. பத்தாண்டுகளுக்குப் பின் அப்பிள்ளையின் பனந்தோப்பு எங்கே என்று கேட்பதற்கு இருபது பேர் ஊரில் இருந்தனர்.

இன்னுமொன்று. பிள்ளைக்கு இத்தனை வயது நிறைந்தால் பாதுகாவல் முடியும் என்று தேசவழமை ஆண்டுக் கணக்கு வைக்கவில்லை. மணமே அதற்கு எல்லை. பெண்ணுக்குச் சீதனம் கொடுத்து மணம் முடித்து வைக்கும்வரை ஏற்றவர் கடமை தீராது.

உறவினரை நம்புதல் எல்லா நாட்டிலும் இருந்த வழக்கம். நம்பிக் கெட்டமையும் எல்லா நாட்டிலும் உண்டு. யாம் கற்ற மிஷன் பாடசாலையில், கிரேக்க நாட்டு நாவலன் தெமொஸ்தெனிஸ் கூழாங்கற்களை வாயிலிட்டுக் கடற்கரையிற் பேசிப் பழகினான் என்னும் கதையை ஆசிரியர் ஆண்டுதோறும் கூறுவார். பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர்க்கு அது தவறாத மருந்து. ஆனால் அவன் ஏன் பேசப் பழகினான் என்பதை அவர் கூறியதில்லை. ஏழாம் வயதில் அவன் தந்தையை இழந்தான். தந்தை ஏறக்குறைய பதினான்கு தாலந்து பெறுமதியான சொத்தை விட்டு, தன் மருமக்கள் இருவரையும் நண்பன் ஒருவனையும் பாதுகாவலராக நியமித்துச் சென்றார். பதினெட்டாம் வயதில் அவன் கைக்கு வந்தது எழுபது மினா மாத்திரமே. ஒரு தாலந்துக்கு அறுபது மினா. மூவரும் உண்டு முடித்துவிட்டனர். தாயை மணப்பதாகச் சொல்லி அவளுடைய சீதனத்தை வாங்கிய ஒருவன் மணக்கவுமில்லை. ஏறக்குறைய எம் வயதில் அவ்விளைஞன் மன்றேறித் தானே வழக்குரைத்துப் பத்துத் தாலந்துத் தீர்ப்புப் பெற்றான். உலகம் போற்றும் நாவன்மை, திருடிய பாதுகாவலர்மேல் தொடுத்த வழக்கிலே பிறந்தது.

ஆங்கில நாட்டுப் பழைய சட்ட அறிஞர் ஜோன் போட்டெஸ்கியூ, பதினைந்தாம் நூற்றாண்டில், இறந்தால் தனக்குச் சொத்துச் சேரும் உறவினனிடமே சிறுவனை ஒப்படைத்தல் ஆட்டுக்குட்டியை ஓநாயிடம் ஒப்படைத்தற்கு ஒப்பாகும் என்ற கருத்துப்பட எழுதினார். அவர்கள் நாட்டு வழக்கில் சில வகை நிலங்களுக்கு, உரிமை சேரமுடியாத பக்கத்து உறவினரே பாதுகாவலராயினர். இவ்வளவு ஐயத்தோடு நோக்கின் எமது அம்மம்மாமாரும் தப்பார். பிள்ளை உடன்பிறந்தாருமின்றி இறப்பின் தாய்வழிச் சீதனம் மீண்டும் தாய்வழியினரையே சேரும் என்பது பழைய வழமை. ஆயினும் யாழ்ப்பாணத்தார் அவர்களையே முதலில் நம்பினர். அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை என்றே யாம் எண்ணுகின்றோம். சான்று கேட்பின் எம்மிடம் இருப்பது எம் சொந்த அம்மம்மா ஒருவரே.

பாரத நாட்டு நூல்கள் ஊராரையும் அரசனையும் சேர்த்தே பொறுப்பாக்கின. சிறுவனுடைய சொத்தை அவன் பருவமடையும்வரை அரசன் காக்கவேண்டும் என மனுநூல் விதிக்கும். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமோ, சிறுவனின் பொருளைக் கிராமத்து முதியோர் பேணி வளர்க்கவேண்டும் என்று கூறி, அதே மூச்சில் தேவர்பொருளையும் அவர்களிடமே விடுகின்றது. கோயிற் சொத்தையும் அநாதைச் சொத்தையும் ஒரே வகையாக எண்ணிய அவர் நுட்பம் வியக்கத்தக்கது. இரண்டுக்கும் உரியவர் வாய்திறந்து கணக்குக் கேளார். பிற்காலத்து இந்திய நீதிமன்றங்கள் தெய்வத்தை என்றும் பராயமடையாதவராகக் கருதி வழக்குகளை நடத்தியமையும் இவ்வெண்ணத்தோடு ஒத்ததே. எமது ஊர்க் கோயில்களின் வரவுசெலவைப் பற்றி ஈண்டு எழுதின், மலரின் மற்றைய பக்கங்களுக்கு இடமிராது.

ஒல்லாந்தர் தம் நாட்டிலிருந்து வேறொரு முறையைக் கொணர்ந்தனர். அநாதைச் சபை எனத் தக்க ‘வீஸ்காமர்’ என்பது அது. தம் இனத்தாரின் அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் குறித்துவைத்துப் பணத்தை வட்டிக்கு விட்டுக் கணக்குப் பார்த்தல் அதன் தொழில். துணையை இழந்தவர் மறுமணம் செய்யுமுன் முதல் மணத்துப் பிள்ளைகளின் பங்கைப் பிரித்துக் காட்டல் வேண்டும் என்பது உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் விதி. தேசவழமையின் விதியோடு இஃது எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பதை வாசகர் உடனே காண்பர். ஐசாக்ஸ் தம் நாட்டு விதியை எம் வழக்கத்துள் நுழைத்துவிட்டாரோ என்னும் ஐயம் எழலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. அங்கே பங்கு எழுத்தில் ஏறியது. இங்கே பிள்ளையும் பங்கும் அம்மம்மாவின் வீட்டிற்கே சென்றன. அச்சம் ஒன்றே, மருந்து வேறு. இரண்டாம் மணமே அநாதைக்கு ஆபத்தான நாள் என்பதை ஆம்ஸ்ரடாமும் நல்லூரும் தனித்தனியே கண்டுகொண்டன போலும்.

பெருமை பேசியவர் சிறுமையையும் பேசுதல் நேர்மை. அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு தனிப் பகுதி உண்டு. நூலை ஒப்புக்கொண்ட முதலியார்கள் வேண்டிக்கொண்டவற்றுள் ஒன்று, அடிமைகள்மேல் எசமானருக்குள்ள அதிகாரம் குறையக்கூடாது என்பது. அவ்வாறாயின், அடிமையாக வைக்கப்பட்டோரின் பிள்ளை தாயை இழந்தபொழுது எந்த உறவினர் கூட்டம் கூடிற்று? எந்தத் திண்ணையில் யார் அதற்காகப் பேசினர்? அப்பிள்ளையே ஒரு சொத்தாகக் கணக்கிடப்பட்டது. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டில். பழமையின் பாதுகாவல் நன்று என்று யாம் மேலே எழுதியவை, அக்கூட்டத்தில் இருக்க இடம்பெற்றவர்களின் பிள்ளைகளுக்கே பொருந்தும் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

இதுகாறும் கூறியவை சிறுவரைப் பற்றியவை. அறிவிழந்த முதியோரின் நிலை யாது? தேசவழமையின் தலைப்புகளில் அவர்க்கென ஓரிடம் இல்லை. வீட்டின் மூலையில் பாய் விரித்து மக்களும் மருமக்களும் பார்த்துக்கொண்டனர். சொத்தும் அவர்கள் கையிலேயே இருந்தமையால் எழுத வேண்டிய தேவை எழாதிருந்திருக்கலாம். இத்துறையில் எமக்கு வந்த சட்டம் ஆங்கிலேயர் வழியது. அவர்கள் நாட்டில் அறிவிழந்தாரின் நிலத்தைக் காக்கும் பொறுப்பு இடைக்காலந் தொட்டே அரசனுடையது.

அரசனே அறிவிழந்தால்? அதுவும் நிகழ்ந்தது. தேசவழமைக்குச் சட்டவலு அளிக்கப்பட்டது மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஆட்சியில். அடுத்த ஐந்தாண்டுக்குள் அம்மன்னர் சித்தம் கலங்கித் தம் காரியத்தைத் தாமே பார்க்க இயலாதவரானார். 1811ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆட்சியதிகாரம் மூத்த மகனிடம் கொடுக்கப்பட்டது. மன்னரின் உடலைப் பேணும் பொறுப்போ மகனிடம் விடப்படாது அரசியார் சார்லொட்டிடம் கொடுக்கப்பட்டது. அவர் 1818இல் இறந்தபின் அப்பொறுப்பு மற்றொரு மகனாகிய யோர்க் கோமகனுக்குச் சென்றது. மன்னர் 1820ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். சொத்தைப் பார்ப்பவர் ஒருவர், ஆளைப் பார்ப்பவர் வேறொருவர் என்னும் பிரிவினை அரண்மனையிலும் வேண்டியிருந்தது. முடியை எதிர்பார்த்திருக்கும் மகன், தந்தையின் மருந்துக் கிண்ணத்தையும் ஏந்தவேண்டுமா என்று அவர்கள் யோசித்தார்கள் போலும்.

இப்பிரிவினையை 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய எமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலும் காணலாம். அறிவு பிறழ்ந்தவர் எனச் சொல்லப்படும் ஒருவர் சொத்துடையவராயின், உறவினர் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நீதிமன்றம் விசாரணை வைக்கும். அவருக்கே அறிவித்தல் அனுப்பப்படும். மருத்துவர் பார்ப்பார், நீதிபதியும் அவரை நேரிற் பார்த்து வினவலாம். அறிவு பிறழ்ந்தவரா, தம் காரியத்தைத் தாமே நடத்த இயலாதவரா என்னும் இரண்டுமே ஆராயப்படும். மறதி வந்தது என்ற மாத்திரத்தில் ஒருவரின் கையொப்ப உரிமை பறிபோகாது. அவ்வாறு தீர்ப்பாயின், சொத்துக்கு ஒரு முகாமையாளரும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரும் நியமிக்கப்படுவர். முகாமையாளர் சொத்துக்களின் விபரத்தைக் கொடுத்தல் வேண்டும். கணக்குக் காட்டல் வேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றிக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. நோய் தீர்ந்தால் மீண்டும் விசாரித்து உரிமையை மீட்டுக் கொடுக்கவும் வழியுண்டு. சிறுவர்க்கும் அதே கோவையில் இதனையொத்த ஏற்பாடு உண்டு. திண்ணையில் இருந்த இருபது கண்களின் வேலையை நீதிமன்றப் பதிவேடு ஏற்றுக்கொண்டது எனலாம்.

வயதெல்லையும் மாறி வந்தது. உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் இருபத்தைந்து; 1865ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் இருபத்தொன்று; 1989 முதல் பதினெட்டு. பிள்ளை மகவேற்பைப் பொறுத்தவரை, மஞ்சள்நீர் குடித்து உரிமையாளர் சம்மதத்தோடு பிள்ளையை ஏற்கும் தேசவழமைச் சடங்குக்குப் பக்கத்தில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2004 மார்கழி 26இல் கடல் பொங்கிப் பல்லாயிரவரைக் கொண்டுபோன பின், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பொறுப்பைப் பற்றி 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தில் சிறப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஆனால் 2009இல் முடிந்த போரில் பெற்றோரை இழந்தவர்களுட் பலர் எவ்விதக் கட்டளையுமின்றிப் பாட்டிமாரிடமே வளர்ந்தனர். பழைய வழமைப்படி அது போதும். ஆனால் காணியை விற்கவேண்டிய அன்று, கடவுச்சீட்டுப் பெறவேண்டிய அன்று, அம்மம்மாவின் சொல் கந்தோர்களில் செல்லாது. உறவினர் கூடியிருந்த திண்ணையே பலருக்கு இல்லாது போயிற்று. இருபக்க உறவினரும் மூன்று கண்டங்களில் இருக்கும்பொழுது கூட்டம் எங்கே கூடும்?

முதலிற் கூறிய அக்காவின் காரியத்துக்கு வருவாம். அவருடைய தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். எமக்கு எண்கணிதம் சொல்லித் தந்தவர். மூன்றாண்டுகளின் முன் பாரிசவாதம் வந்து பேச்சும் நினைவும் குன்றின. மகன் வெளிநாட்டில். ஒருநாள் அக்கா சந்தைக்குச் சென்றிருந்த வேளை உறவினர் ஒருவர் எழுதிய கடதாசியோடும் மைப்பெட்டியோடும் வந்து, மாமாவின் பெருவிரலை எடுத்துக்கொண்டிருந்தார். முற்றத்திற் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் கூக்குரலிட, அயலார் ஓடினோம். கடதாசி கிழிந்தது. அவ்வுறவினரோ, குடும்பத்தின் நன்மைக்காகவே வந்ததாக இன்றும் சொல்லித் திரிகின்றார். கோயிலில் எம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார்.

அதன் பின்னரே அக்கா சட்டத்தரணியிடம் சென்றார். சத்தியக் கடதாசி, மருத்துவச் சான்று, தம்பியின் சம்மதம், உறவினர்க்கு அறிவித்தல் எனப் பல மாதங்கள் கழிந்தன. “அப்பாவைப் பைத்தியம் என்று கோட்டிலை எழுதிக் குடுத்திட்டாள்” என்று ஊரிற் சிலர் பேசினர். அப்பேச்சே அவரை மிகவும் வருத்தியது. விசாரணை நாளில் சக்கர நாற்காலியில் மாமாவைக் கொண்டு சென்றோம். நீதிபதி அவருடைய பெயரைக் கேட்டார், விடை இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், விடை இல்லை. “உங்களை ஆர் பார்க்கினம், ஐயா?” என்று மெல்லக் கேட்டபொழுது, அவர் சிறிது நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நடுங்கும் இடக்கையால் மகளைக் காட்டினார்.

கட்டளை கிடைத்தது. இப்பொழுது அக்கா எண்பது பக்கக் கொப்பியொன்றில் கணக்கு எழுதுகின்றார்: மருந்து, பால்மா, கூலியாள், தேங்காய் விற்ற பணம். மாலையில் யாம் சென்று கூட்டிப் பார்த்துக் கொடுப்பதுண்டு. கூட்டல் பிழைத்தால் மாமா முன்போலக் காதைத் திருகுவார் என்று அக்கா சிரிப்பார். நீதிமன்றத்தில் அடுத்த கணக்கைத் தை மாதத்திற் காட்டவேண்டும்.